பழைய கடிதங்கள்: படிக்கும் முன் பார்க்க வேண்டியவை

1602 பிப்ரவரி 2. ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் தன் மாமனார் சர் ஜார்ஜ் மோருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தான் மாமனார் ஆகிவிட்ட விஷயமே மோருக்கு அந்தக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். சில வாரங்களுக்கு முன் அவருடைய மகளை டன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். அதை ஒப்புக்கொண்டு, கோபத்தில் அவசரப்பட்டு எதுவும் செய்துவிட வேண்டாம் என்று கேட்கும் கடிதம் அது. அச்சில் வாசித்தால் பணிவோடு கொஞ்சம் சாமர்த்தியமும் தெரியும். மூலத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கையொப்பம்தான். தாளின் வலது கீழ் மூலையில், இதற்குமேல் நகர இடமில்லை என்கிற அளவுக்கு அது ஒதுங்கி நிற்கிறது.

அந்த இடம் தற்செயல் இல்லை. அந்தக் காலத்து மரியாதைக் கணக்கில், உயர்ந்தவருக்கு எழுதும்போது கடிதத்தின் உடலுக்கும் கையொப்பத்துக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம் விடுகிறோமோ அவ்வளவு பணிவு. டன் தன்னை எவ்வளவு தாழ்த்திக்கொள்ள முடியுமோ அவ்வளவு தாழ்த்திக்கொண்டார். பலன் ஒன்றும் இல்லை: வேலை போயிற்று, சிறைக்கும் போனார். ஆனால் அந்த மூலைக் கையொப்பம், கடிதத்தின் எந்த வாக்கியத்தையும்விட அவர் நிலைமையை நன்றாகச் சொல்கிறது. பதிப்பாசிரியர்கள் அதை அச்சிடும்போது பெயரைக் கடைசி வரிக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அத்தோடு அது போய்விடும்.

பழைய கடிதங்களின் அழகைப் பற்றிப் பேசும்போது பலரும் சுழித்துச் சுழித்து எழுதிய எழுத்துகளைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஒரு பழைய கடிதம் அழகாக இருப்பதற்குப் பெரும்பாலும் அலங்கார ஆசை காரணம் இல்லை. கருவி, தபால் செலவு, மரியாதை, பிறர் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் ஆகிய நெருக்கடிகளுக்குக் கை எப்படி வளைந்துகொடுத்தது என்பதே பக்கத்தில் உருவமாகத் தங்கியிருக்கிறது.

வெற்றிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வந்த கடித வழிகாட்டி நூல்கள் இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தன. விளிக்கும் சொல்லுக்கும் முதல் வரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இடது ஓரம் எவ்வளவு என்பதெல்லாம் எழுதப்படுபவரின் தகுதியைப் பொறுத்தது. காகிதம் விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில் பாதித் தாளை வெறுமையாக விடுவது ஒரு செலவு. அந்தச் செலவை உங்களுக்காகச் செய்கிறேன் என்பதே மரியாதை. நெருங்கிய நண்பருக்கு எழுதும் கடிதத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விளிம்புவரை எழுத்து வழியும். ஆக, மொழி தெரியாத ஒருவர்கூட ஒரு கடிதத்தை இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்து, எழுதியவருக்கும் பெற்றவருக்கும் எவ்வளவு தூரம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இனி பக்கத்தில் வந்து பார்ப்போம். ஐரோப்பியக் கடிதங்களில் பல நூற்றாண்டுகளாக ஆண்டது ஒரே வகை மை. ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாக வீங்கி வளரும் மாசிக்காய், அன்னபேதி உப்பு, வேலம்பிசின், தண்ணீர் என்று நான்கே சரக்கு. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து நிறம் தருகின்றன. பிசின் மையை நிப்பில் நிற்க வைக்கிறது. எழுதும்போது இது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் படப்பட இரும்பு மாற்றமடைந்து கன்னங்கரேலென்று ஆகும். அப்புறம் பல பத்தாண்டுகள் கழித்துப் பழுப்புக்குத் திரும்பும். நாம் பழைய கடிதம் என்றதும் நினைக்கிற அந்தக் காப்பி நிறம், எழுதியவர் பார்த்தே இராத நிறம். அவர் பார்த்தது கறுப்பு.

இந்த மையைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். இறகுப் பேனா ஒரு தடவை மை எடுத்தால் சில சொற்களுக்குத்தான் வரும். தொட்டவுடன் எழுதிய சொல் அடர்த்தியாக இருக்கும். போகப் போக வெளிறும். திரும்ப மைக்கூட்டுக்குப் போனதும் சட்டென்று கருக்கும். பக்கம் முழுக்க இந்த ஏற்ற இறக்கம் ஓடும். அழகுக்காக யாரும் செய்தது இல்லை, ஆனால் அச்சு எழுத்தின் சீரான கறுப்போடு ஒப்பிட்டால் இதில்தான் உயிர் இருக்கிறது. இதில் தகவலும் உண்டு. பழகிய கை, சொல்லோ வாக்கியமோ முடியும் இடத்தில் மைக்கூட்டுக்குப் போகும். அவசரத்திலோ பதற்றத்திலோ எழுதுகிறவர் மை தீர்ந்து பேனா காகிதத்தைக் கீறும்வரை எழுதிக்கொண்டே போவார். அந்த இடங்களில் எழுத்து நடுவே பிளந்து, இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரியும்: நிப்பின் இரண்டு பல்லும் தனித்தனியே உரசிய தடம்.

நிப்பை எப்படிச் சீவுகிறோம் என்பதும் பக்கத்தின் முகத்தை மாற்றும். நுனியைப் பட்டையாக வெட்டினால், பிடிக்கும் கோணத்தைப் பொறுத்துக் கோடு தடித்தும் மெலிந்தும் வரும், அழுத்தத் தேவையில்லை. 1522-இல் ரோமில் அர்ரிகி வெளியிட்ட சாய்வெழுத்துப் பாடநூல் இந்த வகையைத்தான் பரப்பியது. நுனியைக் கூராகச் சீவினால் கதை வேறு. அழுத்தினால் பற்கள் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். கீழே இறங்கும்போது அழுத்து, மேலே ஏறும்போது விடு. 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் நாம் வியக்கிற வளைவுகள் எல்லாம் இந்த மூச்சு விடுகிற விதத்தில் வந்தவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நூற்றாண்டின் எழுத்தாசான்கள் தங்கள் மாதிரிகளை அச்சிட்டுப் பரப்பிய வழி செப்புத் தகட்டு அச்சு. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட மாதிரித் தொகுப்பு இதில் புகழ்பெற்றது. செப்புத் தகட்டில் கூரிய உளியால் செதுக்கும்போது எவ்வளவு மெல்லிய கோடும் சாத்தியம். கை நடுக்கம், மைத்துளி எதுவும் கிடையாது. மாணவர்களும் குமாஸ்தாக்களும் அதைப் பார்த்து இறகுப் பேனாவால் எழுதிப் பழகினார்கள். அதாவது பேனாவால் எழுதியதை உளி நகலெடுத்தது, அந்த உளியைப் பேனா திரும்பத் துரத்தியது. கடிதம் எழுதும் கையின் தரம் அந்த நூற்றாண்டில் அவ்வளவு ஏறியதற்கு இந்தத் துரத்தலும் ஒரு காரணம்.

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதன் ஓட்டத்தை இன்றும் கோக்க கோலா பெயரெழுத்தில் பார்க்கலாம். அப்புறம் வந்த பால்மர் முறை சுழிகளை வெட்டியெறிந்து வேகத்தை முன்னால் வைத்தது. பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அது வசதி. கண்ணுக்கு அவ்வளவு விருந்து இல்லை.

மாதிரிப் புத்தகத்தை விட அதைப் படித்து வளர்ந்தவர்களின் சொந்தக் கடிதங்கள் எனக்கு மேலாகப்படுகின்றன. முதல் பக்கத்தில் ஆசான் சொன்னபடி எழுத்து நேராக நிற்கும். இரண்டாம் பக்கத்தில் சாய்வு கூடும். மூன்றாம் பக்கத்தில் எழுத்தாசான் காணாமல் போய், ஆள் வந்துவிடுவார். விஷயம் சூடான இடத்தில் கை விரிவதும், இடம் தீரப்போகிறது என்று தெரிந்ததும் வரிகள் நெருங்குவதும் எந்த மாதிரிப் புத்தகத்திலும் இல்லாதவை.

கை என்றால் ஆள் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று பிரிட்டனின் வடக்கே கிடைத்தது. ஹேட்ரியன் சுவருக்கு அருகே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழி சுல்பிசியா லெபிடினாவுக்கு அனுப்பியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் நாள் நன்றாக இருக்கும் என்று அழைப்பு. முக்கால்வாசிக் கடிதம் எழுத்தர் கையில் இருக்கிறது: சீராக, பழக்கத்தோடு. வலது கீழ்ப்பக்கம் மட்டும் கை மாறுகிறது. எழுத்து தடுமாறுகிறது, சமமாக இல்லை. உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி என்று தொடங்கும் அந்தச் சில வரிகளை செவேராவே எழுதியிருக்கிறார். லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதியது என்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழைய ஒன்று அது. எழுத்தர் கையைவிடச் சுமாரான கைதான். ஆனால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

தபால் செலவின் கைவண்ணத்துக்கு வருவோம். 1840-க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. இரண்டு தாள் என்றால் இரட்டைக் கட்டணம். பெரும்பாலும் அதைக் கட்ட வேண்டியவர் கடிதத்தைப் பெறுகிறவர். சொல்ல நிறைய இருக்கிறது, தாள் ஒன்றுதான் என்னும்போது என்ன செய்வது? ஒரு பக்கத்தை வழக்கம்போல எழுதி முடித்து, தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக அடுத்த பக்கத்தை எழுதினார்கள். அதுவும் போதாதவர்கள் மூலைவிட்டமாக மூன்றாவது சுற்றும் போனார்கள்.

பார்த்தவுடன் பாய் முடைந்தது போல இருக்கும், படிக்கவே முடியாது என்று தோன்றும். கொஞ்ச நேரம் பழகினால் கண் ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னால் தள்ளிவிடும். அதற்கு உதவுவது எழுத்தின் சாய்வு. சாய்ந்த எழுத்தைத் திருப்பி அதன்மேல் எழுதினால் இரண்டு அடுக்கின் தடித்த கோடுகளும் வெவ்வேறு திசையில் போகும்; ஒன்றோடொன்று குழம்புவது குறையும். வரிகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக விட்டவர்களின் குறுக்குக் கடிதங்கள் தெளிவாக இருக்கின்றன. கருமியாக எழுதியவர்களுடையதைப் பெற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று பரிதாபமாக இருக்கும். இன்று இவற்றைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய ஓவியமாகப் பார்க்கிறோம். அன்று பலருக்கு இது எரிச்சல்.

1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை ஒரே கட்டணம், ஒரு பென்னி என்று ஆனது. எடைதான் கணக்கு, தாள் கணக்கில்லை. குறுக்கெழுத்தின் அவசியம் போயிற்று. பழக்கம் மெதுவாகத்தான் போனது. வெளிநாட்டுக்கு எழுதுகிறவர்கள் அதை இன்னும் கொஞ்ச காலம் விடவில்லை.

அதே மாற்றம் இன்னொன்றையும் கொன்றது. முன்பு உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகும். அதனால் கடிதமே உறையாக மடிந்தது. பெரிய தாளை ஒரு தடவை மடித்தால் நான்கு பக்கம். மூன்று பக்கமும் நான்காம் பக்கத்தின் மேலும் கீழும் எழுத்துக்கு, நான்காம் பக்கத்தின் நடுப்பகுதி முகவரிக்கு. மடித்து உள்ளே சொருகி அரக்கு வைத்துவிட்டால் வெளியே முகவரி மட்டும் தெரியும். அரக்கைப் பிரிக்கும்போது காகிதம் கிழியும் என்பதால் அந்த இடத்தை மட்டும் எழுதாமல் விடுவார்கள். பழைய கடிதத்தை விரித்துப் பார்த்தால் வரிகள் ஒரு வெற்றுத் தீவைச் சுற்றிப்போவதைக் காணலாம். விட மறந்தவர்களின் கடிதத்தில் அங்கே ஒரு ஓட்டையும் அதோடு போன இரண்டு மூன்று சொற்களும். எல்லாம் நிறைந்த பிறகு நினைவுக்கு வந்தது முதல் பக்கத்தின் உச்சியில் தலைகீழாக ஏறும்.

ரகசியம் வேண்டும் என்றால் மடிப்பு பூட்டாகவே மாறியது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1587 பிப்ரவரி 8 அதிகாலை, தலை வெட்டப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, தன் கொழுந்தனான பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு எழுதிய கடிதம் இப்படிப் பூட்டப்பட்டது. தாளின் ஓரத்திலிருந்தே ஒரு மெல்லிய பட்டையை வெட்டி, கடிதத்தை மடித்து, மடிப்பு முழுவதிலும் துளையிட்டு, அந்தப் பட்டையைத் துளைகள் வழியே திரும்பத் திரும்ப நுழைத்துக் கட்டுவது அந்த முறை. யார் பிரித்தாலும் பட்டை அறும், அறுந்தால் தெரிந்துவிடும். கடைசி இரவிலும் அந்தக் கைவேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருந்திருக்கிறது என்பது அவர் எத்தனை ஆண்டுகள் காவலில், வேவு பார்க்கப்பட்டு வாழ்ந்தார் என்பதைச் சொல்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் அழகு தானாக வந்து சேர்ந்த கதை. கடிதத்தை அறிந்தே உயர்ந்த கலையாக வைத்த இடம் சீனா. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாங் ஷீச்சியை அங்கே எழுத்துக்கலையின் சிகரம் என்பார்கள். அவர் பெயரில் போற்றப்படுகிறவற்றில் பெரும்பகுதி கடிதங்கள், அதுவும் சின்னச் சின்னக் குறிப்புகள். பனி பெய்து ஓய்ந்த பிறகு ஒரு நண்பருக்கு எழுதிய ஒன்று தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 28 எழுத்துகள், நான்கு வரிசை. பனி விட்டது, நீங்கள் நலம்தானே, அந்த விஷயம் கைகூடவில்லை, இவ்வளவுதான். செய்தியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தூரிகை எங்கே நின்றது, எங்கே வேகம் பிடித்தது, எங்கே வட்டமாகத் திரும்பியது என்பதற்காகவே அதைப் பதினாறு நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வாங் ஷீச்சியின் கையால் எழுதிய மூலம் ஒன்றுகூட இன்று இல்லை. ஏழாம் நூற்றாண்டில் தாங் பேரரசர் தைசோங் அவர் எழுத்துகளைத் தேடித் தேடிச் சேர்த்து, தேர்ந்த கைகளைக் கொண்டு நகலெடுக்க வைத்தார். மெல்லிய தாளை மேலே வைத்து ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் மயிரிழைக் கோட்டால் வரைந்து, உள்ளே மையை நிரப்பும் முறை அது. ஒரு நொடியில் போன தூரிகைத் தடத்தை நிதானமாக வரைந்து எடுப்பது எவ்வளவு பொறுமையான வேலை! 18-ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் இந்தப் பனிக் கடிதத்தைத் தன் சின்ன அறையில் வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துப் பார்த்து, சுற்றிலும் குறிப்பும் முத்திரையுமாகப் போட்டு நிரப்பிவிட்டார். பேரரசர் என்பதால் கேட்க ஆளில்லை. 28 எழுத்துகளை அந்த முத்திரைக் கூட்டத்தில் தேட வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய அரசவைக் கடிதங்களில் இன்னொரு துணிச்சல்: வரிகளை ஒரே மட்டத்தில் தொடங்காமல், உயரத்திலும் நீளத்திலும் மாற்றி, தாள் முழுக்கச் சிதறவிடுவது. எங்கே தொடங்கிப் படிப்பது என்பதைப் பெற்றவர் மையின் அடர்த்தியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

படம் வரைந்த கடிதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சிலருக்குக் குறையாக இருக்கும். வான் கோ தன் தம்பி தியோவுக்கு 1888 அக்டோபர் 16-இல் எழுதியதில் தன் படுக்கையறை ஓவியத்தின் கோட்டுப்படம் இருக்கிறது. அதில் நிறம் இல்லை. நிறத்தை வாக்கியங்கள் சொல்கின்றன. சுவர் வெளிர் ஊதா, தரை ஓடுகள் சிவப்பு, கட்டிலும் நாற்காலியும் வெண்ணெய் மஞ்சள், போர்வை பளீர்ச் சிவப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறார். படமும் எழுத்தும் ஆளுக்குப் பாதி வேலை செய்கிற கடிதம் அது. இருந்தாலும் படக் கடிதங்கள் கண்ணைப் பிடிப்பது சுலபம். வெறும் வரிகளே பார்க்கத்தக்கதாக நிற்பதுதான் அபூர்வம்.

இந்த அழகு மறைந்ததற்குக் கணினியைக் குற்றம் சொல்வது வழக்கம். பாதிப் பழி பந்துமுனைப் பேனாவுக்குப் போக வேண்டும். லாஸ்லோ பீரோ 1938-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பேனாவின் உருண்டை எந்தத் திசையில் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் கோடுதான் தரும். குழம்பு போன்ற மை தீராது, தொட வேண்டாம், காய வைக்க வேண்டாம். தொடுகையின் ஏற்ற இறக்கமும் அழுத்தத்தின் மூச்சும் ஒரே அடியில் போயின. வசதிக்குக் குறைவில்லை என்பதால் யாரும் வருத்தப்படவும் இல்லை.

மிஞ்சியிருக்கும் கடிதங்களுக்கு இப்போதைய எதிரி அவற்றின் மைதான். மாசிக்காய் மையில் உள்ள அமிலமும் மிஞ்சிய இரும்பும் காகிதத்தை மெல்ல அரிக்கின்றன. முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம், பின்னால் வெடிப்பு, கடைசியில் தடித்த கோடு இருந்த இடம் பொடிந்து உதிர்ந்து, எழுத்து வடிவத்தில் ஓட்டை. அழுத்தி எழுதிய இடமே முதலில் போகும், அதாவது அழகான இடம்.

அதே இரும்பு ஓர் உபகாரமும் செய்தது. ஹேக் நகரின் அஞ்சல் அதிகாரி பிரியென் தம்பதி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பட்டுவாடா ஆகாத கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பட்டியலில் மொத்தம் 3,148; அவற்றில் 577 பிரிக்கப்படாத கடிதங்கள். பற்களை ஆராய்வதற்காக உருவாக்கிய எக்ஸ்ரே கருவியில் அவற்றில் சிலவற்றை வைத்துப் பார்த்தபோது, மையில் உள்ள உலோகம் காகிதத்திலிருந்து தனித்துத் தெரிந்தது. 1697 ஜூலை 31 தேதியிட்ட ஒரு கடிதத்தைப் பூட்டு உடைக்காமல், திரையிலேயே பிரித்துப் படித்ததாக 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உறவினர் ஒருவரின் மரணச் சான்று நகல் வேண்டும் என்று கேட்கும் சாதாரணக் கடிதம்.

பிரிக்காமல் படிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மடிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததே அண்மையில்தான். கடிதத்தை நீவி நேராக்கி, ஓரத்துக் கீறலையும் வெட்டையும் ஒட்டிச் சரிசெய்வதே நெடுங்காலம் பராமரிப்பாக இருந்தது. ஜனா டாம்ப்ரோசியோ என்ற காப்பாளர் 2000-இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் பழைய கடிதங்களைப் பார்க்கும்போது, மூலையில் வெட்டுகளும் நடுவில் கீறல்களும் ஒரே மாதிரி வருவதைக் கவனித்தார். சேதம் என்று கருதப்பட்டவை பூட்டின் தடயங்கள். எத்தனை கடிதங்களில் அந்தத் தடயம் ஏற்கெனவே பசை வைத்து மூடப்பட்டுவிட்டது என்று எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இப்போது நூலகங்கள் கடிதங்களைப் படமெடுத்து இணையத்தில் வைக்கின்றன. பார்க்கிறவர்கள் எழுதிய பக்கத்தோடு நிறுத்திவிடாமல், முகவரிப் பக்கம் இருக்கிறதா என்று தேடுவது நல்லது. அரக்கின் தடம், மடிப்பின் அழுக்குக் கோடு, தபால்காரர் கிறுக்கிய கட்டணம் எல்லாம் அங்கேதான். பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. நிப் அழுத்திய பள்ளங்களும், மை காயத் தூவிய மணல் ஒட்டியிருந்தால் அதன் துகள்களும் அதில் தெரியும்.